பச்சைத் துணியும் ஒல்லி சூப்பர்மேனும்

மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்தில் இருக்கிறது மாலேகாவ். விசைத்தறிகளின் ஊர். இரவு பகலாகத் தறி ஓடும். வெள்ளிக்கிழமை மட்டும் ஓய்வு. அந்த ஒரு நாளில் தறித் தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாகப் படம் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். அங்கே வீடியோ பார்லர் நடத்திவந்த நாசிர் ஷேக்குக்கு ஒரு யோசனை வந்தது. ஊரே உருகி உருகிப் பார்க்கிற 'ஷோலே'யை நாமே ஒருமுறை எடுத்துப் பார்த்தால் என்ன? கையில் காசு இல்லை. ஆனால் நண்பர்கள் நிறைய இருந்தார்கள். 2000-ல் 'மாலேகாவ் கே ஷோலே' வந்தது. ரமேஷ் சிப்பியின் 'ஷோலே'க்கு 1975-ல் ஆன செலவு சுமார் 3 கோடி ரூபாய். மாலேகாவ் ஷோலேக்கு ஆனது சுமார் 50,000 ரூபாய். கொள்ளைக்காரர்களுக்குக் குதிரை வாங்க வழியில்லாததால் சைக்கிளில் வந்தார்கள். கொள்ளைக்காரர்களின் தலைவன் கப்பர் சிங், ரப்பர் சிங் ஆனார். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது.

அடுத்து இன்னும் பெரிய ஆசை: 'மாலேகாவ் கா சூப்பர்மேன்'. நாயகன் ஷஃபீக் ஷேக், தறியில் வேலை பார்த்தவர், ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. அந்தப் படம் எடுக்கப்பட்ட விதத்தை ஃபைசா அஹ்மத் கான் கூடவே இருந்து படம்பிடித்து, 'சூப்பர்மென் ஆஃப் மாலேகாவ்' என்ற ஆவணப்படமாக 2008-ல் தந்தார். 2025-ல் ரீமா காக்தி இதே கதையை 'சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகாவ்' என்ற முழுநீளப் படமாக்கித் திரையரங்குக்குக் கொண்டுவந்தார். ஷஃபீக் அதைப் பார்க்க இல்லை. 2011-லேயே வாய்ப்புற்றுநோயால் இறந்துவிட்டார்.

நண்பர்கள் சேர்ந்து ஒரு பெரிய படத்தைக் கேலி செய்து சின்னப் படம் எடுப்பது இன்று உலகம் முழுக்க நடக்கிறது. கல்லூரி விடுதிகளில், மொட்டை மாடிகளில், தோப்புகளில் எடுக்கிறார்கள். நமக்கும் புதிதல்ல, விஜய் டிவியின் 'லொள்ளு சபா'வும் 2010-ல் வந்த 'தமிழ்ப்படம்' சினிமாவும் இதே வித்தையின் பெரிய உருவங்கள்தான். நகைச்சுவை என்ற அளவில் இதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. ஐம்பதாயிரம் ரூபாயில் எடுத்த படம் ஏன் படமாகத் தெரிகிறது? துணியைக் கட்டி, வண்டியைத் தூக்கி எடுத்த காட்சியை நம் மூளை ஏன் ஏற்றுக்கொள்கிறது? காசு செய்யாததை அங்கே இயற்பியலும் பார்ப்பவரின் மூளையும் செய்கின்றன.

பறப்பதில் தொடங்குவோம். மேகம் நகரும் இரவில் நிலவைப் பாருங்கள். மேகம் நின்றுவிட்டதுபோலவும் நிலவு விரைந்து ஓடுவதுபோலவும் தெரியும். ஜெர்மானிய உளவியலாளர் கார்ல் டங்கர் 1929-ல் இதை ஆய்வுக்கூடத்தில் வைத்துக் காட்டினார். இருட்டறையில் ஒரு ஒளிப்புள்ளி, அதைச் சுற்றி ஒளிரும் சட்டம். சட்டத்தை மெல்ல நகர்த்தினால், பார்ப்பவர்கள் புள்ளி எதிர்ப்பக்கம் நகர்வதாகச் சொன்னார்கள். பெரியதும் சூழ்ந்திருப்பதும் நிலையானது, சிறியதும் சூழப்பட்டதும் நகர்வது என்பது மூளையின் அனுமானம். காட்டிலும் வயலிலும் இந்த அனுமானம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மலை நகராது, மான்தான் நகரும். சினிமாவில் பறக்கிறவர்கள் அத்தனை பேரும் இந்த ஒரு அனுமானத்தின் முதுகில்தான் பறக்கிறார்கள். ஆள் அசையாமல் கிடக்க, பின்னால் வானம் ஓடினால் போதும்.

ஆனால் ஆளையும் வானத்தையும் ஒரே படத்தில் சேர்ப்பது எப்படி? இதற்காக ஹாலிவுட் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1948-ல் வந்த 'சூப்பர்மேன்' தொடர்படத்தில் நடிகர் கிர்க் ஆலின் எகிறிக் குதித்ததும் அவர் மறைந்து கார்ட்டூன் சூப்பர்மேன் பறக்கும். இறங்கும்போது மறுபடி மனிதர் வருவார். மனிதனால் பறக்க முடியும் என்று நம்பப்போகிறீர்கள் என்று விளம்பரம் செய்தே 1978-ல் ரிச்சர்ட் டோனரின் 'சூப்பர்மேன்' வந்தது. அதற்குள் நீலத்திரை முறை பழையதாகியிருந்தது. வண்ணப்படத்தில் நீலத்திரையைப் பெரிய அளவில் பயன்படுத்திய முதல் படம் 1940-ன் 'தீஃப் ஆஃப் பாக்தாத்'. லாரி பட்லர் செய்த வேலை. அந்தப் படத்தின் நாயகச் சிறுவன் நம் மைசூர்ப் பக்கத்திலிருந்து போன சாபு என்பதைப் போகிற போக்கில் நினைத்துக்கொள்ளலாம். ஆளை நீலத் திரைமுன் நிறுத்திப் படம் பிடித்து, நீலம் இருக்கும் இடத்தையெல்லாம் நீக்கிவிட்டு அங்கே வேறு காட்சியை வைப்பது இந்த முறை. இங்கேதான் சூப்பர்மேன் இடறினார். அவர் உடையே நீலம். திரையை நீக்கும்போது நாயகனின் உடம்பும் சேர்ந்து போய்விடும், தலையும் சிவப்பு மேலங்கியும் மட்டும் பறக்கும். சில காட்சிகளுக்காகப் பச்சை கலந்த நீலத்தில் தனி உடை தைத்தார்கள்.

பெரும்பாலான பறக்கும் காட்சிகளுக்கு ஜோரான் பெரிசிச் வேறொரு வழி கண்டுபிடித்தார். நெடுஞ்சாலைப் பலகைகளில் இருக்கிற, கார் விளக்குப் பட்டதும் பளீரென்று மின்னும் பொருளால் ஒரு திரை செய்துகொண்டார்கள். அதில் பொதிந்த நுண்ணிய கண்ணாடி மணிகள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். கேமராவுக்கு முன்னால் சாய்வாக ஒரு பாதிக் கண்ணாடி. அதன் வழியாக, கேமரா பார்க்கும் அதே கோட்டில் வானக் காட்சியைத் திரைமேல் வீசுவார்கள். ஒளி நடிகர்மேலும் விழும், ஆனால் அவர் உடம்பு அதை நாலா பக்கமும் சிதறடித்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. திரை மட்டும் மொத்தத்தையும் கேமராவுக்கே திருப்பித்தரும். பெரிசிச்சின் தந்திரம் இதற்கு மேல் ஒரு படி. கேமராவிலும் புரொஜெக்டரிலும் ஒரே மாதிரி ஜூம் லென்ஸ் வைத்து இரண்டையும் இணைத்தார். கேமரா நெருங்கிப் பார்க்கும்போது புரொஜெக்டர் அதே அளவுக்குப் படத்தைச் சுருக்கும். ஆக, படத்தில் வானம் அளவு மாறாது. நடிகர் மட்டும் பெரிதாவார். கயிற்றில் அசையாமல் தொங்கும் மனிதர் நம்மை நோக்கிப் பாய்ந்து வருவார். அந்தப் படத்தின் காட்சி ஜாலங்களுக்கு ஆஸ்கர் சிறப்பு விருது கிடைத்தது. நியாயமான விருது.

மாலேகாவுக்கு இந்த எதுவும் எட்டாது. ஆனால் அங்கே படம் எடுத்த காலத்தில் இரண்டு பொருள்கள் மலிந்துவிட்டன: கையடக்க டிஜிட்டல் கேமராவும் கணினியும். அதனால் ஒரு பச்சைத் துணி போதுமானதாயிற்று.

துணியை மட்டும் எடுத்துவிட்டு ஆளை விட்டுவைக்கக் கணினிக்கு எப்படித் தெரிகிறது? அதற்கு எந்த அறிவும் வேண்டாம், ஒரு கழித்தல் கணக்குத் தெரிந்தால் போதும். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்கள். பச்சையின் எண்ணிலிருந்து மற்ற இரண்டில் எது பெரியதோ அதைக் கழியுங்கள். துணியில் ஒரு புள்ளி சிவப்பு 40, பச்சை 180, நீலம் 60 என்று வைத்துக்கொள்வோம். 180-லிருந்து 60 போக 120. முகத்தில் ஒரு புள்ளி சிவப்பு 200, பச்சை 150, நீலம் 120. விடை கழித்தல் 50. எந்த நிறத் தோலானாலும் சிவப்பே ஓங்கியிருக்கும், அதற்கு ஒரு காரணம் அடியில் ஓடும் ரத்தம். சூப்பர்மேனின் நீல உடையில் நீலம் ஓங்கும், மேலங்கியில் சிவப்பு ஓங்கும். அங்கும் விடை பூச்சியத்துக்குக் கீழேதான். விடை நன்றாக மேலே இருந்தால் அது துணி, அழித்துவிடு. கீழே இருந்தால் அது ஆள், விட்டுவிடு. இந்த நிற வேறுபாட்டு முறையைப் படச்சுருள் காலத்திலேயே, நீலத்திரைக்காக, ரசாயனமும் வடிகட்டிகளும் கொண்டு சாதித்தவர் பெட்ரோ விளாஹோஸ். 1959-ன் 'பென்ஹர்' அவருடைய கைவரிசை. இன்று செல்பேசிச் செயலி ஒரு நொடியில் செய்வது அதே கணக்கைத்தான்.

இதில் அழகான இடம் முடியின் ஓரம். ஒரு புள்ளியில் பாதி முடி, பாதி துணி என்று இருந்தால் கழித்தலின் விடை 60-ஐ ஒட்டி வரும். கணினி அதைப் பாதி அழித்து, பாதி விட்டுவைக்கும்; பின்னால் வைத்த வானம் அந்தப் பாதியில் கசியும். இப்படித்தான் காற்றில் பறக்கும் ஒற்றை முடியும் தப்பிக்கிறது. துணியின் பச்சை எதிரொளித்துக் கன்னத்தில் லேசாகப் படிந்திருந்தால் அதற்கும் ஒரு விதி உண்டு: எந்தப் புள்ளியிலும் பச்சை, சிவப்பு நீலம் இரண்டில் பெரியதைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வெட்டிவிடு. இந்த ஒற்றை வரியில் பாசி பிடித்த முகம் பழையபடி மனித முகமாகிவிடும்.

நீலத்தை விட்டுப் பச்சைக்கு ஏன் மாறினார்கள்? பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்களின் கண், கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற ஓர் அமைப்பில் ஆனது. அதில் நான்கு உணர்விகளுக்கு இரண்டு பச்சையைப் பார்க்கும், ஒன்று சிவப்பை, ஒன்று நீலத்தை. மனிதக் கண் பிரகாசத்தை அறிவது பெரும்பாலும் பச்சையை ஒட்டிய ஒளியில் என்பதால் பேயர் அப்படிப் பிரித்தார். எனவே கேமரா பச்சையைத்தான் மிகத் தெளிவாக, குறைந்த இரைச்சலோடு பதிகிறது.

இதே மனிதக் கண்தான் அக்கால அமெச்சூர் படங்களின் பெரிய குறைக்கும் காரணம். நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகவும் நிற வேறுபாட்டை மொத்தமாகவும் பார்க்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பொறியாளர்கள், சிறிய டிஜிட்டல் கேமராக்களில் வெளிச்சத்தை 720-க்கு 576 புள்ளிகளில் பதிந்துவிட்டு, நிறத்தை அதில் கால்வாசிப் புள்ளிகளில் மட்டுமே பதிந்தார்கள். சாதாரணமாகப் பார்த்தால் யாருக்கும் தெரியாத சிக்கனம். ஆனால் பச்சையைக் கழிக்கிற கணக்கு நிறத்தை நம்பியது. அதற்குக் கிடைத்ததோ கால்வாசித் தகவல். அதனால்தான் அந்தப் படங்களில் பறக்கிறவரைச் சுற்றி ரம்பப் பல் போன்ற ஓரம் தெரியும்.

வெளிச்சத்தின் கதை இன்னும் சுவையானது. துணி முழுக்க ஒரே மாதிரிப் பச்சையாக இருக்க வேண்டும். மடிப்பில் நிழல் விழுந்து பச்சை 60-க்கு இறங்கினால் கழித்தலின் விடையும் 40-க்குச் சுருங்கி, அங்கே அழுக்குத் திட்டு போல மிஞ்சும். ஸ்டூடியோவில் இதற்காகவே வரிசையாக விளக்கு கட்டுவார்கள். காரணம், விளக்கின் ஒளி தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் குறையும்: ஒரு மீட்டரில் விழுவதில் கால்வாசிதான் இரண்டு மீட்டரில். துணியின் ஒரு முனை விளக்குக்கு அருகிலும் மறுமுனை தொலைவிலும் இருந்தால் இரண்டும் இரண்டு நிறம். சூரியன் இருப்பதோ சுமார் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். ஆறு மீட்டர்த் துணியின் இரு முனைகளுக்கும் சூரியனிலிருந்து உள்ள தூர வித்தியாசம் இல்லையென்றே சொல்லிவிடலாம். விளக்குக்குக் காசில்லாமல் வெயிலில் துணி கட்டுகிறவர்களுக்கு, கோடிகளைக் கொட்டினாலும் ஸ்டூடியோவில் எளிதில் கிடைக்காத சீரான ஒளி தானாகக் கிடைக்கிறது. காற்றில் துணி அலையாமல் இழுத்துக் கட்டவேண்டும், அவ்வளவுதான். ஆளைத் துணியிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைத்தால் நிழலும் துணியில் விழாது, பச்சையும் முகத்தில் படியாது.

கேமராவை நகர்த்துவதற்கு வருவோம். மாலேகாவ்காரர்களிடம் தண்டவாளத்தில் ஓடும் டிராலி இல்லை, சைக்கிள் இருந்தது. கிரேன் இல்லை, மாட்டு வண்டி இருந்தது. கேட்டால் சிரிப்பு வரும். கணக்குப் போட்டால் மரியாதை வரும். மாட்டை அவிழ்த்துவிட்ட வண்டி ஒரு முதல்தர நெம்புகோல். அச்சுதான் தாங்குபுள்ளி. அச்சிலிருந்து மூன்று மீட்டர் முன்னால், நுகத்தடி இருக்கும் முனையில் 70 கிலோ எடையுள்ள ஒருவர் கேமராவோடு உட்கார்ந்தால், பின்னால் ஒரு மீட்டர் தூரத்தில் 210 கிலோ எடை சமன்செய்யும். அதாவது மூன்று நான்கு நண்பர்கள். அவர்கள் அரை மீட்டர் அமுக்கினால் கேமரா ஒன்றரை மீட்டர் எழும். நண்பர்கள் நிறையப் பேர் இருப்பதன் இயந்திரவியல் பயன் இது. சைக்கிளின் பெரிய சக்கரமோ சிறு கல்லில் இடறாது, உருண்டு ஏறி இறங்கும். காற்றடைத்த டயர் நுண்ணிய அதிர்வை விழுங்கிவிடும்.

கேமரா நகர்ந்தால் என்ன லாபம் என்று கேட்கலாம். நின்ற இடத்திலிருந்து எடுத்த படம் தட்டையானது. எது அருகில், எது தூரத்தில் என்று மூளை ஊகிக்க வேண்டியிருக்கும். கேமரா பக்கவாட்டில் நகர்ந்தவுடன் அருகிலுள்ள வேலி வேகமாகவும் தூரத்து மரம் மெதுவாகவும் நகர்கின்றன. அந்த வேக வேறுபாட்டிலிருந்து மூளை ஆழத்தைத் தானே அளந்துகொள்ளும். பெரிய படம் என்ற உணர்வில் பாதி இந்த ஆழத்தால் வருவது. கையில் பிடித்து எடுப்பதில் உள்ள சங்கடம் நடுக்கம். சிறிய கேமரா லேசாக இருப்பதால் கையின் சிறு நடுக்கத்துக்கும் திரும்பிவிடும். ஒரு நீளக் கம்பில் கேமராவைக் கட்டி, இரு முனையிலும் எடையைத் தொங்கவிட்டால் அதைச் சுழற்றுவது கடினமாகிவிடும், படம் அமைதியடையும். காரெட் பிரவுன் 1970-களில் செய்து ஹாலிவுட்டை மாற்றிய ஸ்டெடிகேமின் அடிப்படைகளில் ஒன்று இது.

இவ்வளவும் தொழில்நுட்பம். கேலிப் படத்தின் உண்மையான சூட்சுமம் வேறிடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உங்கள் செல்பேசியில் ஒரு காணொளி எப்படிச் சேமிக்கப்படுகிறது? நொடிக்கு 25, 30 படங்களை முழுசு முழுசாக அடுக்கினால் நினைவகம் சில நிமிடங்களில் நிரம்பிவிடும். அதனால் அவ்வப்போது ஒரு படத்தை மட்டும் முழுதாக வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த படங்களுக்கு முந்தையதிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் எழுதிவைக்கிறார்கள். சுவர் அப்படியே இருக்கிறதா? அதைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். கை மட்டும் நகர்ந்ததா? அதை மட்டும் சொல். முழுப் படம் கையில் இருப்பவருக்கு வித்தியாசத்தை மட்டும் அனுப்பினால் போதும்.

மாலேகாவ் ஷோலே செய்தது இதுவே. முழுப் படம், அதாவது 3 கோடி ரூபாய் ஷோலே, பார்வையாளர் தலைக்குள் ஏற்கெனவே பத்திரமாக இருந்தது. பாறை, குதிரை, ரயில், வெடிமருந்து எல்லாம் அங்கே தயார். நாசிர் வித்தியாசத்தை மட்டும் அனுப்பினார்: குதிரை இருந்த இடத்தில் சைக்கிள். அசல் படத்தில் கப்பர் சிங் அறிமுகமாகும்போது முதலில் முகத்தைக் காட்டமாட்டார்கள். பூட்ஸ் காலும் பாறையில் உரசி இழுபடும் பெல்ட்டும்தான் வரும். அந்த உரசல் ஒலியைக் கேட்டால் போதும், ஊருக்கு வயிறு கலங்கும். ஒரு பழைய பெல்ட்டை எங்கே இழுத்தாலும் மீதி ஷோலே முழுவதையும் பார்வையாளரின் நினைவு கொண்டுவந்து கொட்டிவிடும். அதற்குப் பின் சைக்கிள் மணி அடித்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

மூளையே வித்தியாசங்களில் சிந்திக்கும் உறுப்பு என்பதற்கு நல்ல சான்று முகங்களில் கிடைத்தது. கில்லியன் ரோட்ஸ், சூசன் பிரென்னன், சூசன் கேரி மூவரும் 1987-ல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர்களின் முகங்களைக் கோட்டோவியமாக இரண்டு விதத்தில் காட்டினார்கள்: உள்ளது உள்ளபடி ஒன்று, சராசரி முகத்திலிருந்து அந்த முகம் எங்கெங்கே விலகுகிறதோ அதைக் கணினியால் மிகைப்படுத்திய கேலிச்சித்திரம் ஒன்று. மக்கள் வேகமாக அடையாளம் கண்டது கேலிச்சித்திரத்தை. உண்மையான கோட்டோவியத்தைவிட மிகைப்படுத்திய படம் சீக்கிரம் பிடிபடுகிறது! நாம் ஒரு முகத்தை முகமாகச் சேமிப்பதைவிட, பொதுவான முகத்திலிருந்து அது விலகும் விதமாகச் சேமிக்கிறோம் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். பெரிய நடிகரைப் போல மேடையில் பேசிக்காட்டுகிறவர் அவருடைய எல்லாச் சைகைகளையும் செய்வதில்லை. மூன்றே மூன்றைப் பிடித்துக்கொண்டு அவற்றை ஊதிப் பெருக்குகிறார். கூட்டம் முதல் நொடியிலேயே கைதட்டிவிடுகிறது.

இதிலிருந்து கேலிப் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு கறாரான விதி கிடைக்கிறது. எதை மாற்றாமல் விடுகிறோம் என்பதுதான் முக்கியம். கேமரா கோணம், நடையின் தாளம், இசை வரும் இடம், வசனத்துக்கு முன்னால் விடும் இடைவெளி ஆகியவை அசலை ஒட்டியே இருக்கவேண்டும். இவைதான் பார்வையாளரின் நினைவைத் திறக்கும் சாவிகள். பொருளை மாற்றலாம், தாளத்தை மாற்றக் கூடாது. எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் அது வெறும் மோசமான படம்; ஒன்றையும் மாற்றாவிட்டால் வெறும் நகல். அமெச்சூர் கேலிப் படங்கள் பல சலிப்பூட்டுவதற்கு, காசு இல்லாததைவிட இந்த விகிதம் தெரியாததே காரணம் என்பது என் கருத்து. அசலைப் பார்க்காதவருக்கோ எவ்வளவு நல்ல கேலியும் வெறும் குழப்பம்தான். முழுப் படம் கையில் இல்லாதவருக்கு வித்தியாசத்தை அனுப்பி என்ன பயன்?

அமெரிக்காவிலும் ஆரம்பகாலச் சாதனை இப்படித்தான். 'ஸ்டார் வார்ஸ்' 1977-ல் வந்த கையோடு, எர்னி ஃபோசெலியஸ் தன் கூட்டாளிகளோடு 'ஹார்ட்வேர் வார்ஸ்' என்ற 13 நிமிடப் படத்தை எடுத்தார். அதில் விண்கலங்களாகப் பறப்பவை இஸ்திரிப் பெட்டி, டோஸ்டர் போன்ற வீட்டுச் சாமான்கள். இஸ்திரிப் பெட்டி விண்கலமாக எடுபடுவதற்கு ஒரு காரணம், விண்வெளியில் அளவைக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. மரம் இல்லை, மனிதர் இல்லை, கீழே விழுவதும் இல்லை.

பூமியில் அது நடக்காது. பொம்மை பஸ்ஸை மேசையிலிருந்து தள்ளிப் படம் எடுத்தால் பொம்மை விழுந்ததாகவே தெரியும், எவ்வளவு நெருங்கி எடுத்தாலும். காட்டிக்கொடுப்பது நேரம். 20 மீட்டர் பள்ளத்தில் விழும் பொருளுக்கு சுமார் 2 நொடி ஆகும். இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் செய்த பள்ளம் 80 சென்டிமீட்டர். அதில் விழ 0.4 நொடிதான். 25 மடங்கு சுருக்கினால் நேரம் 25 மடங்கு சுருங்கவில்லை, 5 மடங்குதான் சுருங்கியது. ஈர்ப்பு விசையின் கீழ் நேரம் தூரத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால் இப்படி. ஆகவே பொம்மைக் காட்சியை 5 மடங்கு மெதுவாக ஓட்டினால் கணக்கு நேராகிவிடும், பொம்மைக்கு எடை வந்துவிடும். நொடிக்கு 24 படம் என்று ஓட்டுவதற்கு 120 படம் எடுத்தால் சரியாக 5 மடங்கு. அந்த வசதி இன்று பல செல்பேசிகளில் இருக்கிறது. 4 மீட்டர் காருக்கு 16 சென்டிமீட்டர் பொம்மை, 120 படம். 240 படம் எடுக்கும் செல்பேசி என்றால் 10 மடங்கு. அதாவது நூறில் ஒரு பங்கு. 12 மீட்டர் பஸ்ஸுக்கு 12 சென்டிமீட்டர் பொம்மை போதும். தண்ணீர் மட்டும் இந்த ஏமாற்றுக்கு ஒத்துவராது. துளியின் அளவைத் தீர்மானிப்பது நீரின் பரப்பு இழுவிசை. நீங்கள் பள்ளத்தைச் சுருக்கியதற்காகத் துளி சுருங்காது. சிறிய மாதிரியில் தெறிக்கும் 4 மில்லிமீட்டர் துளி, திரையில் 10 சென்டிமீட்டர் உருண்டையாகத் தெரிந்து குட்டை உடைத்துவிடும். பொம்மை பஸ்ஸை ஆற்றில் தள்ளாதீர்கள், மண்ணில் தள்ளுங்கள்.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இங்கே மூளை மிகத் தாராளமாக நடந்துகொள்கிறது. உதடு அசைவும் வந்த ஒலியும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்தால், அவை ஒரே இடத்திலிருந்து வந்ததாகவே அது எடுத்துக்கொள்ளும். மக்கர்க், மக்டொனால்ட் இருவரும் 1976-ல் காட்டியது இன்னும் விசித்திரம்: ஒரு ஒலிக்கான உதட்டசைவைக் காட்டி வேறு ஒலியைக் கேட்கவைத்தால், பலருக்கு இரண்டுமே இல்லாத மூன்றாவது ஒலி காதில் விழுகிறது. ஒலி படத்தை முந்தினால்தான் சட்டென்று உறுத்தும். சற்றுப் பிந்தினால் பொறுத்துக்கொள்வோம். இதற்கும் காரணம் இயற்பியலில் தேடலாம். ஒலி 34 மீட்டர் கடக்க பத்தில் ஒரு நொடி ஆகும், ஆகவே ஒலி தாமதமாக வருவது உலகில் அன்றாடம். ஒலி முந்தி வருவது எங்கும் நடக்காதது. டப்பிங் ஒட்டும்போது சந்தேகம் வந்தால் ஒரு படம் பின்னால் தள்ளுங்கள், முன்னால் இழுக்காதீர்கள்.

நாசிர் ஷேக் படத்தொகுப்பைக் கற்றது இரண்டு வி.சி.ஆர்.களை இணைத்து, ஒன்றில் ஓட்டி மற்றதில் பதிந்து. நாடாவில் ஒவ்வொரு நகலுக்கும் இரைச்சல் கூடும், நிறம் ஓரம் தாண்டி வழியும். நகலின் நகல் மங்கித்தான் இருக்கும். டிஜிட்டலில் எண்களை நகலெடுக்கிறோம், எண் மங்காது. இன்று கையில் இருக்கும் செல்பேசி அந்தத் தலைமுறையிடம் இருந்த எல்லாக் கருவிகளையும்விடத் திறமையானது. ஆகவே உபகரணம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஆறு மீட்டர் பச்சைத் துணி வாங்குங்கள். பளபளப்பு இல்லாத பருத்தியாக இருக்கட்டும். காலை ஒன்பது மணி வெயிலில் கட்டுங்கள். நாயகனை ஒரு பெஞ்சின்மேல் குப்புறப் படுக்கவைத்து, பெஞ்சுக்கும் அதே பச்சைத் துணியைச் சுற்றுங்கள். மேலங்கி பறக்க மேசை விசிறி போதும். ஒன்றே ஒன்று: மாடிக் கைப்பிடிச் சுவர்மேலோ ஓடும் வண்டியின் கூரைமேலோ யாரையும் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். தரையில் படுத்தபடியே பறக்க வைக்கத்தான் பச்சைத் துணி இருக்கிறது.